பால் கேனில் கிடைத்த வாத்தியார்

யூதர்கள்னு சொன்னா நம்ம ஊர்ல பேச்சு ரெண்டே பக்கம்தான் போகும். ஒண்ணு ஹிட்லர், இன்னொண்ணு இஸ்ரேல்-பாலஸ்தீனம். நடுவுல ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷம் சொந்த நாடு, ராஜா, படை எதுவுமே இல்லாம, சிதறிக்கிடந்த ஒரு சமூகம் எப்படி தன்னோட புத்தகத்தையும் வழக்கத்தையும் விடாம பிடிச்சிட்டிருந்ததுன்னு யாரும் பெருசா கேக்கறதில்லை. ஒரே வார்த்தையில பதில் வேணும்னா, வாத்தியார்.

இது கொஞ்சம் மிகைப்படுத்தின பதில்தான். ஆனா ரொம்ப இல்லை. கி.பி. 64 வாக்கில ஜெருசலேம்ல யோசுவா பென் கம்லான்னு ஒரு தலைமை ஆசாரியர் இருந்தார். ஊருக்கு ஊர் வாத்தியார் போடணும், ஆறேழு வயசுல பசங்களைக் கொண்டுவந்து சேர்க்கணும்னு ஏற்பாடு செஞ்சது அவர்தான்னு தால்முத் சொல்லுது. அதே இடத்துல கணக்கும் இருக்கு. 25 பசங்களுக்கு ஒரு வாத்தியார். 40 பேர் ஆனா கூட ஒரு உதவியாளர். 50 ஆயிட்டா ரெண்டு வாத்தியார். (நம்ம ஸ்கூல் செக்‌ஷனை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க :))

அதாவது வாத்தியாருக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும் "இப்படிச் செய், இப்படிச் செய்யாதே"ன்னு வழி சொல்றது அவங்ககிட்ட ரொம்பப் பழைய வழக்கம். அந்த வழக்கத்துல வந்த ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அமைதியான காலத்துல வாத்தியார்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். பத்து வருஷத்துக்குள்ள, அந்தப் புத்தகத்துல எழுதினதெல்லாம் தன்கிட்ட இருக்கான்னு பரீட்சை எழுத வேண்டிய நிலைமை அவருக்கே வந்தது.

யார் இவர்?

பேரு கலோனிமுஸ் கல்மான் ஷபிரா. 1889ல் போலந்தில் க்ரோட்ஜிஸ்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஒரு ஹசிதிய குரு. ஹசிதியம்ங்கறது 18ஆம் நூற்றாண்டுல கிழக்கு ஐரோப்பாவுல கிளம்பின யூத பக்தி இயக்கம். படிப்பு மட்டும் போதாது, பாட்டும் ஆட்டமும் உள்ளம் உருகுறதும் வேணும்னு சொன்னவங்க. அவங்க குருவை "ரெப்பே"ன்னு கூப்பிடுவாங்க. பெரும்பாலும் அப்பாவுக்கு அப்புறம் பிள்ளைன்னு பரம்பரையா வரும் பதவி.

இவருக்கு சுமார் மூணு வயசிருக்கும்போதே அப்பா இறந்துட்டார். 1905ல் கல்யாணம். 1913ல் வார்சாவுக்குப் பக்கத்துல இருக்கற பியாசெச்னோ என்ற சின்ன ஊருக்கு ரப்பியானார். அதனால இன்னைக்கும் இவரை "பியாசெச்னோ ரெப்பே"ன்னுதான் சொல்றாங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1923ல் "தாஅத் மோஷே" என்ற பெயர்ல ஒரு பள்ளி ஆரம்பிச்சார். ரெண்டு போர்களுக்கு நடுவே வார்சாவுல இருந்த பெரிய ஹசிதியப் பள்ளிகள்ல அது ஒண்ணு.

குருக்கள்ல நிறைய பேர் பெரியவங்களைச் சுத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ, இவர் சின்னப் பசங்களைப் பத்தியே கவலைப்பட்டார். அதுக்குக் காரணம் இருந்தது.

1932: பசங்க போயிட்டே இருக்காங்க

அந்தக் காலத்துப் போலந்துல முப்பது லட்சம் யூதர்கள். வார்சாவுல மூணு பேர்ல ஒருத்தர்கிட்டத்தட்ட யூதர். ஆனா இளைஞர்கள் கூட்டம் கூட்டமா மத வாழ்க்கையை விட்டு வெளியே போயிட்டிருந்தாங்க. சிலர் சோஷலிஸ்ட் கட்சிகளுக்கு, சிலர் சியோனிஸ்ட் இயக்கங்களுக்கு, சிலர் போலிஷ் பள்ளிக்கூடம், சினிமா, பத்திரிகைன்னு. தெருவுல கொடி பிடிக்கிற பையன் வீட்டுல தாத்தா தாடியோட ஜெபம் பண்ணிட்டு இருப்பார்.

(பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். அவங்களுக்கு முறையான மதப் பள்ளியே கிடையாது. 1917ல் க்ரக்கோவ்ல சாரா ஷெனிரர்னு ஒரு தையல்கார அம்மா ஆரம்பிச்ச "பெய்த் யாக்கோவ்" பள்ளிதான் அந்தக் குறையைத் தீர்க்க ஆரம்பிச்சது. அது தனிப் பதிவா எழுத வேண்டிய கதை. ஷபிரா எழுதினது பசங்களை மனசுல வெச்சுத்தான்.)

இந்தச் சூழ்நிலையில பெரியவங்க வழக்கமா என்ன செய்வாங்க? "காலம் கெட்டுப்போச்சு"ன்னு புலம்புவாங்க. இல்லைன்னா பிரம்பை எடுப்பாங்க. ஷபிரா 1932ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எபிரேயத்தில் பெயர் "ஹோவத் ஹதல்மிதிம்", அதாவது மாணவர்களின் கடமை. பெயர்தான் மாணவர் கடமை, ஆனா புத்தகம் ஆரம்பிக்கிறதே வாத்தியார்களோடயும் அப்பாக்களோடயும் ஒரு நீண்ட பேச்சோட.

அதுல அவர் சொல்றதை என் வார்த்தையில சுருக்கித் தர்றேன்.

முதல் விஷயம். உத்தரவு போடறதும் கல்வியும் ஒண்ணு இல்லை. பழக்கிவிடறதும் கல்வி இல்லை. பைபிள்ல நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்துல, பிள்ளையை அவனுக்கு ஏத்த வழியில நடத்தினா முதுமையிலும் அதை விட்டு விலகமாட்டான்னு ஒரு வசனம் வரும். அந்த "முதுமையிலும்"ங்கற சொல்லைத்தான் ஷபிரா பிடிச்சுக்கறார். உத்தரவுக்குக் கீழ்ப்படியற பையன், உத்தரவு போடறவர் பக்கத்துல இருக்கற வரைக்கும்தான் கீழ்ப்படிவான். நீங்க இல்லாத இடத்துல, நீங்க இல்லாத காலத்துல அவன் என்ன செய்வான்ங்கறதுதான் கேள்வி. அதுக்கு பதில் இருந்தா அது கல்வி. இல்லைன்னா வெறும் காவல்.

ரெண்டாவது. பையனோட உள்ளுக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. மத மொழியில அவர் அதை ஆத்மாங்கறார். அது சின்னதா, மறைஞ்சு, தூங்கிட்டிருக்கும். வாத்தியார் வேலை வெளியில இருந்து திணிக்கிறது இல்லை, குனிஞ்சு அதைத் தேடிக் கண்டுபிடிச்சு வளர்த்து விடறது. ஒவ்வொரு பையனுக்கும் அது வேற வேற மாதிரி இருக்கும். அதனால எல்லாருக்கும் ஒரே அச்சு ஆகாது.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்தத் தலைமுறைப் பசங்க வயசுக்கு முந்தியே தங்களைப் பெரியவங்களா நினைக்க ஆரம்பிச்சுடறாங்கன்னு சொல்றார். அப்பாவையும் வாத்தியாரையும் எதிராளியாப் பார்க்கறாங்க. இதுக்கு அவர் சொன்ன மருந்து அடக்குறது இல்லை. "சரி, நீ பெரியவன்தானே? அப்போ உனக்கு முதல் வாத்தியார் நீதான். நாங்க உதவிக்கு வந்தவங்க"ன்னு பொறுப்பை அவன் கையிலேயே கொடுத்துடு. கலகம் பண்ற அந்தச் சக்தியையே திருப்பி விடு. 1932ல் ஒரு பரம்பரை மதகுரு இப்படி எழுதினார்ங்கறது எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்தது.

இந்த முன்னுரைக்கு அப்புறம் புத்தகம் நேரா பையன்கிட்டயே பேச ஆரம்பிச்சுடும். சோம்பல் பத்தி, கூச்சம் பத்தியெல்லாம் அத்தியாயம் இருக்கு. மிரட்டல் கம்மி. தோள்ல கை போட்டுப் பேசற மாதிரி இருக்கும்.

பெரியவங்களுக்கும் அவர் ஒரு சின்னக் கையேடு வெச்சிருந்தார், நெருங்கின சீடர்களுக்குள்ள மட்டும் சுத்தின ஒண்ணு. சின்னக் குழுவா சேர்ந்து மனசைக் கவனிக்கப் பழகறது எப்படின்னு. அதோட சேர்ந்த ஒரு பயிற்சியை அவர் சொல்ல சீடர் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். மனசு ஓடிட்டே இருந்தா அதை அடக்கப் போராடாதே, என்ன ஓடுதுன்னு சும்மா பார்த்துட்டே இரு. கடிகார முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு உட்கார்ந்தாலும் எண்ணம் தணியும். தணிஞ்சதும் ஒரே ஒரு வசனத்தை மனசுல வை. நம்ம ஊர்ல தியானம் கத்துக்கிட்டவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான விஷயமாத் தெரியும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எடுத்ததுன்னு நான் சொல்லலை. மனசோட வேலை எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

1939: பரீட்சை

1939 செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மனி போலந்துக்குள்ள நுழைஞ்சது. அந்த மாசக் கடைசியில வார்சா மேல குண்டு மழை. செப்டம்பர் 25ஆம் தேதி ஷபிராவோட ஒரே மகன் எலிமெலேக் படுகாயம் அடைஞ்சார். அடுத்த நாள், ஆஸ்பத்திரி வாசல்ல காத்திருந்த மருமகளும் இன்னொரு உறவுக்காரப் பெண்ணும் குண்டு விழுந்து செத்தாங்க. 29ஆம் தேதி மகனும் போயிட்டார். சில வாரத்துல அம்மாவும். மனைவி 1937லேயே காலமாயிட்டார். ஒரு மாசத்துக்குள்ள வீடு காலி. மிச்சம் ஒரு மகள்.

இவர் அந்த ஊர் ஜனங்களுக்கு குரு. வாராவாரம் சனிக்கிழமை எழுந்து நின்னு பேசணும். கேக்க வர்றவங்க வீட்டுலயும் சாவு.

மகன் இறந்து அஞ்சு வாரம் கழிச்சு, 1939 நவம்பர் 4ஆம் தேதி அவர் பேசினது எழுத்துல இருக்கு. அந்த வாரத்துக்கான பகுதி ஆதியாகமத்துல ஆபிரகாமோட மனைவி சாராள் இறந்த இடம். அதுக்கு முந்தின கதை, ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்கப் போய், கடைசி நிமிஷத்துல தடுக்கப்படறது. மகனைப் பலி கொடுக்கப் போன சேதி கேட்டு அதிர்ச்சியில சாராள் உயிர் போச்சுன்னு பழைய யூத உரைகள் சொல்லும்.

ஷபிரா உப்புல ஆரம்பிக்கறார். துன்பத்தை உப்போட ஒப்பிடறது பழைய வழக்கம். உப்பு போட்டா இறைச்சிக்கு ருசி, துன்பப்பட்டா மனுஷனுக்குப் பக்குவம். சரி, ஆனா உப்புக்கு ஒரு அளவு இருக்கேங்கறார். அளவு மிஞ்சினா சோத்துல வாய் வைக்க முடியாது. அப்புறம் சாராள் கிட்ட வர்றார். மோசே ஏன் இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார்? கடவுளுக்குக் காட்டறதுக்காக. ஈசாக்கு பிழைச்சுட்டான், ஆனாலும் அந்தத் துன்பத்தோட அளவு சாராளைக் கொன்னுடுச்சு பாரு. தாங்க முடியாத துன்பம் மனுஷனைப் பக்குவப்படுத்தாது, உடைச்சுடும். இதை எங்களுக்காக எடுத்துச் சொல்லத்தான் அவள் செத்தாள்.

யோசிச்சுப் பாருங்க. மகனைப் புதைச்ச அப்பா, மகனால செத்த தாயைப் பத்திப் பேசறார். தன் வீட்டுச் சாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கேட்டவங்களுக்குப் புரியாம இருந்திருக்காது. "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்றதுதான் அவர் உத்தியோகம். அதைச் சொல்லாம கடவுள்கிட்டயே "அளவு மீறுது"ன்னு ஜனங்க சார்புல வாதாடறார். கைவிடவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

பக்கத்துல எழுதின குறிப்பு

1940 நவம்பர் 16ஆம் தேதி வார்சா கெட்டோ மதில் மூடப்பட்டது. நாலு லட்சத்துக்கு மேல ஜனங்க, மூணரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடம். 1942 கோடைக்குள்ள பசியிலும் டைஃபஸ் மாதிரி நோயிலும் 80,000 பேருக்கு மேல செத்தாங்க. ஷபிரா தொடர்ந்து பேசிட்டு இருந்தார். சனிக்கிழமை எழுதக்கூடாதுங்கறது யூத விதி. அதனால பகல்ல யிட்டிஷ் மொழியில பேசினதை, ஓய்வுநாள் முடிஞ்ச பிறகு எபிரேயத்துல எழுதி வைப்பார். 1939 செப்டம்பர்ல இருந்து 1942 ஜூலை வரைக்கும் அப்படி எழுதினார்.

1941 டிசம்பர்ல, ஹனுக்கா பண்டிகை சமயத்துல ஒரு பேச்சு. இந்த மாதிரி துன்பம் உலகத்துல வந்ததே இல்லை, இனிமே எப்படி நம்பறதுன்னு ஜனங்க கேட்டிருக்காங்க. அதுக்கு அவர், ஆலயம் இடிஞ்சப்போவும் ரோமர்கள் காலத்துலயும் இதே மாதிரி நடந்திருக்கு, அப்போ போகாத நம்பிக்கை இப்போ ஏன் போகணும்னு பதில் சொன்னார். ஒரு தலைவர் சொல்லக்கூடிய பதில்தான்.

1942 ஜூலை 22ஆம் தேதி பெரிய நாடுகடத்தல் ஆரம்பிச்சது. ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டரை லட்சத்துக்கும் மேல ஜனங்களை ரயில்ல ஏத்தி ட்ரெப்ளிங்கா விஷவாயுக் கூடங்களுக்கு அனுப்பினாங்க. ஷபிராவோட மகளும் அதுல போயிட்டார். யானுஸ் கோர்ச்சாக்னு ஒரு டாக்டர், குழந்தைகள் கல்வியில பேர் போனவர், தான் நடத்தின அநாதை விடுதியில இருந்த சுமார் 200 பிள்ளைங்களோட சேர்ந்தே போனதும் அந்த ஆகஸ்ட்லதான். வாத்தியாருக்கு வழி சொல்ற புத்தகம் எழுத, இனி அந்த ஊர்ல மாணவர்களே இல்லை.

1942 நவம்பர் 27ஆம் தேதி ஷபிரா பழைய தாள்களை எடுத்தார். அந்த ஹனுக்கா பேச்சுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதினார். அதோட சாரம் இதுதான்: முன்னாடியும் இப்படி நடந்திருக்குன்னு நான் சொன்னது 1942ஆம் வருஷ நடுவரைக்கும் பட்ட துன்பத்துக்குத்தான் பொருந்தும். அதுக்கப்புறம் நடந்த மாதிரி, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், எந்த ரப்பி எழுத்துலயும் எந்த வரலாற்றுலயும் கிடையாது.

பழைய பேச்சை அவர் அழிக்கலை. அழிச்சிருக்கலாம், தாள் அவர் கையிலதான் இருந்தது. பழைய வரியை அப்படியே விட்டு, தேதி போட்டு, பக்கத்துல கமெண்ட் எழுதியிருக்கார். கோட் எழுதறவங்களுக்கு இதோட மதிப்பு தெரியும். தப்பாப் போன வரியைச் சத்தமில்லாம தூக்கிட்டா, ஏன் மாத்தினோம்ங்கறதே பின்னாடி வர்றவனுக்குத் தெரியாமப் போயிடும். ஆறுதல் சொல்றது தலைவரோட வேலைன்னா, தான் சொன்ன ஆறுதல் பொருந்தலைன்னு ஒத்துக்கறதும் அதே வேலையில சேர்ந்ததுதான். இதை எந்தக் கையேட்டுலயும் எழுதி வைக்க முடியாது. செஞ்சு காட்டத்தான் முடியும்.

அந்த நாடுகடத்தலுக்குச் சில மாசம் முந்தியே, 1942 ஆரம்பத்துப் பேச்சுகள்ல, அவர் விளக்கம் கொடுக்கறதைக் கிட்டத்தட்ட விட்டுட்டார். கடவுள் உள்ளறையில ஒளிஞ்சு உட்கார்ந்து அழறார்னு தால்முத்ல ஒரு இடம் உண்டு. அதை எடுத்துக்கிட்டு, தனியா அழற மனுஷன் உடைஞ்சுபோவான், ஆனா படிப்பையும் ஜெபத்தையும் விடாதவன் அந்த உள்ளறைக்குள்ளயே போய் அவரோட சேர்ந்து அழலாம், அப்போ எழுந்திருக்க பலம் கிடைக்கும்ங்கறார். காரணம் சொல்லலை. கூட இருக்கறதைப் பத்தி மட்டும் சொல்றார்.

யார் காப்பாத்தினாங்க?

வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளூம் கெட்டோவுக்குள்ள ரகசியமா ஒரு ஆவணக் காப்பகம் நடத்தினார். "ஓய்னெக் ஷாபெஸ்"னு பேரு. ரேஷன் அட்டை, டைரி, போஸ்டர், மிட்டாய்த் தாள் உட்பட எல்லாத்தையும் சேர்த்தாங்க. ஷபிரா 1943 ஜனவரி 3ஆம் தேதி ஒரு கடிதம் எழுதினார். இதைக் கண்டெடுக்கறவங்க பாலஸ்தீனத்துல இருக்கற தன் தம்பி இசையாவுக்கு அனுப்பி வைக்கணும்னு. அந்தக் கடிதமும் பேச்சுகளும் மத்த கையெழுத்துப் பிரதிகளும் அந்தக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரியில அதை ரெண்டு பெரிய பால் கேன்ல அடைச்சுப் புதைச்சாங்க.

எங்கே புதைச்சாங்க? நொவொலிப்கி தெரு 68ஆம் எண், ஒரு பழைய பள்ளிக்கூடத்தோட நிலவறையில. அதைச் செஞ்சவர் யார்? இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன், அந்தப் பள்ளியோட வாத்தியார். 1942 ஆகஸ்ட்ல முதல் பாகத்தைத் தகரப் பெட்டிகள்ல புதைச்சப்போ அவருக்கு உதவினது அவரோட ரெண்டு பழைய மாணவர்கள், இருபது வயசுகூட ஆகாத பசங்க.

இப்போ கவனிங்க. அது போரொகோவ் பெயர்ல நடந்த பள்ளி, இடதுசாரி சியோனிஸ்டுகளோடது. மதத்தை விட்டு விலகின யிட்டிஷ் பள்ளி. ரிங்கல்ப்ளூமும் அதே கட்சி. ஷபிரா 1932ல் புத்தகம் எழுதினதே பசங்க இந்த மாதிரி இடங்களுக்குப் போயிடறாங்களேன்னுதான். கடைசியில அவரோட சொல்லை மண்ணுக்கடியில பத்திரமா வெச்சது அந்தப் பக்கத்து வாத்தியார்தான்.

கெட்டோ எழுச்சிக்கு அப்புறம் ஷபிராவை ட்ராவ்னிகி முகாமுக்குக் கொண்டு போனாங்க. 1943 நவம்பர் 3ஆம் தேதி அங்கே ஒரே நாள்ல சுமார் 6,000 யூதர்களைச் சுட்டுக் கொன்னாங்க. அவரும் அதுல ஒருத்தர். லிக்டென்ஸ்டைனும் ரிங்கல்ப்ளூமும்கூட போர் முடியறதைப் பார்க்கலை. தம்பி இசையா 1945ல் காலமானார். 1950 டிசம்பர் 1ஆம் தேதி இடிபாடுகளுக்குள்ள பால் கேன்கள் கிடைச்சப்போ கடிதத்தை வாங்கிக்க அவர் இல்லை.

பேச்சுகள் 1960ல் இஸ்ரேலில் "ஏஷ் கோதேஷ்", அதாவது புனித நெருப்பு, என்ற பெயர்ல புத்தகமா வந்தது. அந்தத் தலைப்பு அவர் வெச்சது இல்லை. 2017ல் டேனியல் ரைசர் என்ற ஆய்வாளர் கையெழுத்துப் பிரதியை வரி வரியாப் பார்த்து ஒரு புதுப் பதிப்பு கொண்டுவந்தார். அடிச்சது, திருத்தினது, ஓரத்துல சேர்த்தது எல்லாம் அதுல தெரியும். மாணவர்களுக்கான 1932 புத்தகத்தை இன்னைக்கும் யூத வாத்தியார்கள் படிக்கறாங்க, ஹசிதியத்துல பிடிப்பே இல்லாதவங்ககூட.

நீங்க இல்லாத காலத்துல என்ன நடக்கும்ங்கறதுதான் கல்விக்கான சோதனைன்னு அவர் எழுதியிருந்தார். அவர் பள்ளி போச்சு, பசங்கள்ல பெரும்பாலானவங்க போயிட்டாங்க, மகன் மகள் யாரும் இல்லை. பரம்பரை அங்கேயே அறுந்தது. ஆனா பாடம் அறுந்து போகலை. அதுக்கு யார் யார் கை கொடுத்தாங்கன்னு பார்த்தா, அவர் நினைச்சே பார்த்திருக்க மாட்டார்.

கொசுறு: பாடகர் ஷ்லோமோ கார்லிபாக் மேடைகள்ல ஒரு கதை சொல்வார். டெல் அவிவ்ல தெருக் கூட்டுற ஒரு கூனர், சின்ன வயசுல பியாசெச்னோ ரெப்பே பள்ளியில படிச்சவர். "என்ன ஞாபகம் இருக்கு?"ன்னு கேட்டா, சாப்பாட்டு நேரத்துல ரெப்பே திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம்தான்: அடுத்தவங்களுக்கு ஒரு உதவி செய்யறதைவிடப் பெருசு எதுவும் இல்லை. இது மேடைக் கதை, ஆவணம் இல்லை. ஆனா அந்த வாத்தியார் பாடம் எப்படித் தங்கணும்னு நினைச்சாரோ, கதையிலயும் அப்படியேதான் தங்கியிருக்கு.